குழாய் ஒழுகினால் முதலில் மாடிக்குப் போங்கள்: வீட்டுப் பிளம்பிங் பழுதுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றால் எல்லோரும் செய்கிற முதல் வேலை, அதை இன்னும் இறுக்கித் திருகுவது. இரண்டாவது வேலை, ஸ்பேனரைத் தேடுவது. இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மாடிக்குப் போய், அந்தக் குழாய்க்கு வரும் தண்ணீரை உங்களால் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கீழே வரும் பழுதுகளில் பாதிக்கு மேல் நீங்களே பார்த்துவிடலாம். முடியாவிட்டால் சில்லறைக் காசு வாஷர் வேலைகூடக் கூடத்தில் தண்ணீர் ஓடுவதில் போய் முடியும்.

இங்கே சொல்வது நம் ஊரில் பரவலாக இருக்கும் அமைப்புக்கு: கீழே சம்ப் அல்லது போர், மோட்டார், மாடியில் பிளாஸ்டிக் டேங்க், அங்கிருந்து சுவருக்குள் இறங்கும் சிபிவிசி பைப். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மாடி டேங்குக்குப் பதில் உங்கள் வீட்டுக்கான வால்வு டக்டிலோ பாத்ரூம் பரண் மேலோ இருக்கும், மற்றதெல்லாம் ஒன்றுதான்.

வேலைக்கு முன் ஓர் ஒத்திகை

டேங்கிலிருந்து இறங்கும் பைப்புகளை எண்ணுங்கள். பழைய வீட்டில் ஒன்றே ஒன்று இருக்கும். பிற்பாடு கட்டியவற்றில் சமையலறைக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று, ஃப்ளஷுக்கு ஒன்று என்று இரண்டு மூன்று இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு. எது எங்கே போகிறது என்று கட்டிய பிளம்பருக்குத் தெரியும். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ!

மாடியில் நீங்கள் நில்லுங்கள், கீழே வீட்டில் ஒருவர் எல்லாக் குழாயையும் திறந்து வைக்கட்டும். ஒரு வால்வை மட்டும் மூடிவிட்டு போனில் கேளுங்கள். “சமையலறை நின்னுபோச்சு, பாத்ரூம் வருது” என்று பதில் வந்தால் அந்த வால்வின் பக்கத்துச் சுவரில் பெயின்ட் மார்க்கரால் ‘சமையல்’ என்று எழுதிவிடுங்கள். மூடிய உடனே குழாய் நிற்காது. பைப்பில் தேங்கியது வடிய இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதுவரை பொறுங்கள். வீட்டுக்குள்ளேயும் பார்க்க வேண்டும்: பாத்ரூம் சுவரில் பதித்த ஸ்டாப் காக், வாஷ் பேசினுக்கும் ஃப்ளஷ் டேங்குக்கும் கீழே இருக்கும் ஆங்கிள் காக், இந்தச் சின்ன வால்வுகள் மூடுகின்றனவா? மூடினால் பல வேலைக்கு மாடி ஏறவே வேண்டாம்.

அப்புறம் மோட்டார். நீங்கள் பைப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது “டேங்க் காலியா இருக்கே” என்று யாராவது சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். நல்ல எண்ணத்தில்தான் போடுவார்கள். சுவிட்சின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டுங்கள். தானாக ஓடும் லெவல் கன்ட்ரோலர் இருந்தால் அதன் பிரேக்கரையே இறக்கிவிடுங்கள்.

வால்வை மூடியும் தண்ணீர் நிற்கவில்லை

ஒத்திகையில் அதிகம் வெளிப்படுவது இந்தக் கோளாறுதான். சக்கரம் போன்ற கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு தகடு கதவுபோல் இறங்கி மூடும் கேட் வால்வு ஆண்டுக்கணக்கில் தொடாமல் கிடந்தால் போர் தண்ணீரின் உப்பு அதற்குள் கல்லாகப் படிந்துவிடும். மூன்று விதமாக அது உங்களிடம் பேசும்.

சக்கரம் அசையவே இல்லை என்றால் உப்பு பிடித்திருக்கிறது. ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள்; உள்ளே தண்டு முறியும், அல்லது வால்வோடு பைப்பே திரும்பி ஜாயின்ட் விட்டுவிடும். கால் சுற்று திறக்கும் பக்கம், கால் சுற்று மூடும் பக்கம் என்று மாற்றி மாற்றிக் கையாலேயே இளக்குங்கள். சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் முடிவே வரவில்லை என்றால் உள்ளே கதவு தண்டிலிருந்து கழன்றுவிட்டது. மாற்றுவதைத் தவிர வழியில்லை. முழுக்க மூடிய பிறகும் நூல்போல் தண்ணீர் வருகிறது என்றால் கதவின் அடியில் மண்ணோ உப்புத் துணுக்கோ இருக்கிறது. கீழே ஒரு குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வால்வை நாலைந்து முறை திறந்து மூடினால் அடித்துக்கொண்டு போய்விடும்.

மூடவே மூடாத வால்வு இருக்கும் வீட்டில் குழாய் வேலை பார்க்க ஒரே வழி, டேங்கைக் காலி செய்வது. மோட்டார் போடாமல், துணி துவைத்து, வீடு கழுவி, செடிக்கு ஊற்றித் தீர்த்துவிடுங்கள். டேங்க் காலியான அன்றைக்கே முதல் வேலையாக அந்த கேட் வால்வை மாற்றிவிடுவது நல்லது. அந்த இடத்துக்கு நான் பால் வால்வுதான் சொல்வேன். கால் சுற்றில் மூடும். கைப்பிடி பைப்பின் திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது, தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் பால் வால்வும் சும்மா கிடந்தால் பிடித்துக்கொள்ளும். டேங்க் கழுவும் நாளிலாவது ஒருமுறை திறந்து மூடுங்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும், கடையில் எப்படிக் கேட்பது

பெரிய பெட்டி தேவையில்லை. பத்து அல்லது பன்னிரண்டு இன்ச் ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று, கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், ஹாக்ஸா பிளேடு, டெஃப்லான் டேப் இரண்டு சுருள், பழைய டூத் பிரஷ், டார்ச். பைப் ரென்ச் நல்ல கருவி, ஆனால் பளபளப்பான குழாயில் போட்டால் பல் பதிந்துவிடும். துணி சுற்றிப் போட வேண்டும்.

இவற்றோடு ஒரு பொருளை நான் கட்டாயம் வாங்கச் சொல்வேன்: அரை இன்ச் எண்ட் பிளக் இரண்டு. டம்மி என்று கேட்டாலும் தருவார்கள். குழாயைக் கழற்றிவிட்டீர்கள், புதியது மரையில் (திருகு வரியில்) சேரவில்லை, கடை மூடிவிட்டது. சுவரில் இருக்கும் ஓட்டையில் டேப் சுற்றிய பிளக்கைத் திருகிவிட்டு மாடி வால்வைத் திறந்துவிடலாம். மற்ற குழாய்களில் தண்ணீர் வரும், வீட்டில் சண்டை வராது.

நேரமும் ஒரு கருவிதான். ஞாயிறு மாலை ஆரம்பிக்காதீர்கள். கடை திறந்திருக்கும் நாளில், காலையில், இரண்டு வாளியும் ஒரு குடமும் நிறைத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஹார்டுவேர் கடையில் “ஒரு பைப் கொடுங்க” என்றால் கேள்வி வரிசையாக வரும். “அரையா, முக்காலா? ஷார்ட் பாடியா, லாங் பாடியா? சிபிவிசியா, யுபிவிசியா?” பதில் தெரியாவிட்டால் கழற்றிய பழைய பொருளையே கொண்டுபோய் “அண்ணே, இதே மாதிரி” என்று நீட்டுவதில் வெட்கமே வேண்டாம், பிளம்பர்களும் அப்படித்தான் வாங்குகிறார்கள். குழாயின் மரை பெரும்பாலும் அரை இன்ச்தான். பைப்பில்தான் கவனம் தேவை. அரை இன்ச் சிபிவிசியின் வெளிவிட்டம் சுமார் 16 மி.மீ., அரை இன்ச் யுபிவிசிக்கோ 21 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். இரண்டுக்கும் பெயர் அரை இன்ச்தான், ஆனால் ஒன்றின் எல்போ (வளைவு இணைப்பு) மற்றதில் உட்காராது. ஒட்டும் சால்வென்ட்டும் வேறு வேறு. இந்த இரண்டில் வெந்நீர் போகிற லைனுக்கு சிபிவிசி மட்டுமே.

குழாய் சொட்டுகிறது

எங்கிருந்து சொட்டுகிறது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். குழாயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தால் போதும்.

வாயிலிருந்து சொட்டினால் உள்ளே அடைக்கும் பாகம் தேய்ந்திருக்கிறது. கைப்பிடியைப் பல சுற்று சுற்றி மூடும் பழைய பித்தளைக் குழாய் என்றால் அது வாஷர். தண்ணீரை நிறுத்திவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத்தை வடியவிட்டு, தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றுங்கள். தண்டின் அடியில் கறுப்பு ரப்பர் வட்டம் தெரியும். தேய்ந்த வாஷரின் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் பதிந்திருக்கும். நகத்தால் கீறினால் கறுப்பு மாவாக உதிரும். புதியதைப் போடும் முன், அது உட்காரும் பித்தளை வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. சொரசொரப்போ வெட்டோ இருந்தால் எத்தனை வாஷர் போட்டாலும் சில வாரத்தில் மறுபடி சொட்டும்; குழாயையே மாற்றுவது மேல்.

அரைச் சுற்றில் மூடும் புதுவகைக் குழாயில் வாஷருக்குப் பதில் பீங்கான் தட்டு வைத்த கார்ட்ரிட்ஜ் இருக்கும். கைப்பிடியின் சின்ன மூடியை நெம்பி, திருகை எடுத்து, கைப்பிடியை உருவினால் கார்ட்ரிட்ஜின் தலை தெரியும். இங்கேதான் பழையதைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். உயரம், தலையில் உள்ள பல், திறக்கும் திசை மூன்றும் பொருந்தினால்தான் கைப்பிடி சரியாக உட்காரும். மாற்றுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள்: கார்ட்ரிட்ஜை ஒரு டம்ளர் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கழுவிப் போடுங்கள். உப்புத் துணுக்கு சிக்கியதுதான் காரணமென்றால் சொட்டு நின்றுவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் மட்டும் போடாதீர்கள். மேல்பூச்சு போய்விடும்.

வெந்நீரும் தண்ணீரும் சேரும் மிக்சர் சொட்டினால் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். இரண்டு ஸ்டாப் காக்கையும் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடும்போது நிற்கிறதோ அந்தப் பக்கத்துக் கார்ட்ரிட்ஜ். வெந்நீர்ப் பக்கம் கை வைக்கும் முன் ஹீட்டரின் பிரேக்கரை இறக்கிவிட்டு, ஆறவிட்டுத்தான் தொட வேண்டும்.

கைப்பிடியின் கீழிருந்து, அதுவும் குழாய் திறந்திருக்கும்போது மட்டும் கசிந்தால், கைப்பிடிக்கு அடியில் உள்ள சின்ன நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் தண்டைச் சுற்றி உள்ள ரப்பர் வளையம் (ஓ-ரிங்) போய்விட்டது.

சுவரைத் தொடும் இடத்தில் கசிந்தால் மரையில் டேப் போதவில்லை. குழாயைக் கழற்றி, பழைய டேப்பையும் நூலையும் பிரஷால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, மரை உங்கள் முகத்தைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு, கடிகார முள் ஓடும் திசையில் டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். எத்தனை சுற்று என்பது மரையைப் பொறுத்தது. முதலில் டேப் இல்லாமல் குழாயைக் கையால் திருகிப் பாருங்கள். லொடலொடவென்று கடைசிவரை போனால் பன்னிரண்டு பதினைந்து சுற்றுகூடத் தேவைப்படும், பாதியிலேயே பிடித்தால் ஏழெட்டு போதும். கையால் திருகி, கடைசி ஒரு சுற்றுக்கு மட்டும் ஸ்பேனர். குழாய் நேராக நிற்கும் இடத்தைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள். பின்னால் திருப்பிய மரை கசியும். கழற்றி, டேப்பை மாற்றி, மறுபடி போடுங்கள்.

கழற்றும்போது குழாய் உடைந்து, மரை சுவருக்குள் மாட்டிக்கொண்டது

பிளாஸ்டிக் குழாயில் இது சகஜம். பதறி, பெரிய ஸ்பேனரைத் தேடாதீர்கள். சுவருக்குள் இருப்பது பித்தளை மரை பதித்த சிபிவிசி எல்போ. அதை முறுக்கினால் உள்ளுக்குள்ளேயே வெடிக்கும், அப்புறம் டைல்ஸை உடைத்தாக வேண்டும்.

மாட்டிக்கொண்டது பிளாஸ்டிக் துண்டு என்றால் ஹாக்ஸா பிளேடின் நுனியைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, துண்டின் உட்புறத்தில் எதிரெதிரே இரண்டு வெட்டு போடுங்கள். பித்தளை மரையைத் தொடும் முன் நிறுத்திவிட வேண்டும். வெட்டிய இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் உள்நோக்கி நெம்பினால் துண்டு மடிந்து வெளியே வரும். பித்தளைத் துண்டு என்றால் முக்கோண அரத்தின் வாலை உள்ளே செலுத்தி, சுத்தியலால் மெல்லத் தட்டிப் பிடிக்கவைத்து, இடப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். ஒருமுறை வழுக்கினால் இன்னொருமுறை முயலலாம். அதற்கு மேல் அசையவில்லை என்றால் விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுவதுதான் லாபம்.

தண்ணீர் மெல்லிசாக வருகிறது

கேட்க வேண்டிய கேள்வி: ஒரே குழாயிலா, எல்லாவற்றிலுமா?

ஒரே குழாய் என்றால் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். உப்பும் மணலும் அடைத்திருக்கும். வினிகரில் ஊறவைத்து பிரஷால் தேய்த்தால் போதும். சல்லடை இல்லாமலும் மெல்லிசாக வந்தால் அதற்குத் தண்ணீர் தரும் ஆங்கிள் காக்கிலும் கனெக்‌ஷன் பைப்பிலும் பாருங்கள்.

வெந்நீர் மட்டும் குறைவு என்றால் ஹீட்டருக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள வால்வில் அடைப்பு. ஹீட்டரைத் திறப்பது நம் வேலையல்ல.

நேற்றுவரை நன்றாக வந்தது, டேங்க் காலியாகி மறுபடி நிரப்பிய பிறகு வரவில்லை, அல்லது புஸ் புஸ்ஸென்று காற்றோடு வருகிறது என்றால் ஏர் லாக், அதாவது பைப்பில் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் டேங்கை முழுக்க நிரப்புங்கள். பிறகு அந்த லைனில் எல்லாவற்றுக்கும் கீழே உள்ள குழாயை முழுதாகத் திறந்துவிடுங்கள். இருமி இருமிக் காற்று வெளியே போகும். அதற்கும் அசையாவிட்டால், மோட்டார் தண்ணீர் நேராக வரும் குழாய் ஏதாவது இருந்தால் அதிலிருந்து ஒரு ஹோஸை அடைபட்ட குழாயோடு இணைத்து, இரண்டையும் திறந்து, சில நொடி பின்பக்கமாகத் தள்ளவிடுங்கள். காற்று டேங்குக்கே ஏறிவிடும். அடிக்கடி இப்படி ஆகிறதென்றால் டேங்கிலிருந்து இறங்கும் லைனில் வால்வுக்குப் பிறகு மேல்நோக்கி ஓர் ஏர் பைப் இல்லை என்று பொருள். அதைப் போட அரை நாள் வேலைகூட ஆகாது.

எல்லாக் குழாயிலும் எப்போதுமே குறைவு என்றால் முதல் சந்தேகம் பாதி திறந்த வால்வு. அது சரியாக இருந்தால் கணக்கு பாருங்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் தரும். மேல் மாடி ஷவருக்கு மேலே டேங்கின் தண்ணீர் ஒன்றரை மீட்டர்தான் உயரம் என்றால், கிடைப்பது அதில் ஏழில் ஒரு பங்கு. ஷோரூமில் மழைபோல் கொட்டிய அகல ஷவர் வீட்டில் ஒழுகினால் குற்றம் ஷவர்மீதல்ல. டேங்கை உயர்த்தலாம், பிரஷர் பம்ப் வைக்கலாம், அல்லது பழைய சின்ன ஷவரையே மாட்டிக்கொள்ளலாம். மூன்றாவது இலவசம்.

ஃப்ளஷ் டேங்கில் சத்தம் நிற்கவில்லை

மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் மேலே ஏறி, நடுவில் நிற்கும் குழாய்க்குள் வழிந்துகொண்டிருந்தால் மிதவையின் கோளாறு. மிதவையைக் கையால் தூக்குங்கள். தண்ணீர் நின்றால் மிதவையைத் திருகு வைத்துக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். நிற்காவிட்டால் ஃப்ளோட் வால்வை மாற்றுங்கள்.

வழியவில்லை, ஆனாலும் அடிக்கடி தானாக நிரம்புகிறது என்றால் அடியில் கசிவு. துணிக்குப் போடும் சொட்டு நீலம் சில துளி டேங்கில் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கோப்பையில் நீலம் தெரிந்தால் அடி ரப்பர் வளையம் மூடவில்லை. ஆங்கிள் காக்கை மூடி, ஃப்ளஷ் செய்து காலியாக்கி, நடு வால்வைத் திருப்பித் தூக்கினால் அந்த வளையம் வரும். பாதி வீடுகளில் உப்புப் படலத்தைத் துடைத்துவிட்டுத் திருப்பிப் போட்டாலே சரியாகிவிடுகிறது.

தண்ணீர் வடியவில்லை

சிங்க் ஒன்றில் மட்டும் தேங்கினால் அடைப்பு அதன் அடியிலேயே இருக்கிறது. வாளியை வைத்து, சிங்குக்கு அடியில் புட்டிபோல் தொங்கும் பாட்டில் ட்ராப்பின் கீழ்க் கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் டீத்தூளும் சேர்ந்த சாம்பல் நிறக் கட்டி விழும். வாடையைப் பொறுத்துக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. திருப்பி மாட்டும்போது ரப்பர் வளையம் மடியாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குளியலறைத் தரையில் தேங்கினால் ஓட்டையின் சல்லடை மூடியை (ஜாலி) தூக்கி, உள்ளே உள்ள கிண்ணத்தை எடுத்து முடியை வழித்துப் போடுங்கள்.

அடைப்பை நீக்கும் பொடி, ஆசிட் இவற்றைக் கையால் திறக்க முடியாத இடத்துக்குக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஊற்றியும் அடைப்பு போகவில்லை என்றால், அப்புறம் ட்ராப்பைத் திறப்பவர் கையில் விழப்போவது அந்த ஆசிட்தான். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே ஓட்டையில் போடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

சிங்க், பாத்ரூம், கழிப்பறை எல்லாம் ஒன்றாகத் தேங்கினால் கோளாறு வெளியே. முற்றத்தில் வீட்டுக் கழிவுநீர் வந்து சேரும் சேம்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். சேம்பர் நிறைந்திருந்தால் அடைப்பு அதற்கும் அப்பால். காலியாக இருந்தால் வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். சேம்பர்வரை மூங்கில் பட்டையோ கம்பியோ விட்டுப் பார்க்கலாம். செப்டிக் டேங்க் என்றால் லாரியைக் கூப்பிடுங்கள். அதற்குள் நீங்களும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. நெடுநாள் மூடிக்கிடந்த சம்பிலும் மூச்சுவிடப் போதுமான காற்று இல்லாமல் போகலாம். அதற்கும் இதே எச்சரிக்கைதான்.

சுவரில் ஈரம்

இருப்பதிலேயே அதிகப் பணம் வீணாவது இதில்தான். ஈரம் தெரிந்த இடத்தில் டைல்ஸை உடைக்கிறார்கள். கசிவு இரண்டு அடி மேலே இருக்கிறது. அல்லது பைப்பே கசியவில்லை. உடைப்பதற்கு முன் ஓர் இரவு செலவழித்தால் போதும்.

எப்போது ஈரம் கூடுகிறது என்று முதலில் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் என்றால் வெளிச் சுவர் விரிசல் அல்லது மொட்டை மாடி. ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தால் காய்ந்திருக்கிறது என்றால் கழிவுநீர் பைப், அல்லது குளியலறைத் தரை டைல்ஸின் இடுக்கு. யார் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் ஒரே அளவில் ஈரமாக இருந்தால் எப்போதும் தண்ணீர் நிற்கும் லைன்தான் கசிகிறது.

உறுதி செய்ய டேங்கையே மீட்டராக்கலாம். இரவு எல்லோரும் படுத்த பிறகு மோட்டாரை நிறுத்தி, குழாய்கள் எல்லாம் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு குச்சியை டேங்கின் அடிவரை விட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். ஃப்ளஷ் டேங்குகளின் ஆங்கிள் காக்கையும் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். விடியற்காலை, யாரும் குழாயைத் தொடும் முன், மறுபடி அளவெடுங்கள். வழக்கமான ஆயிரம் லிட்டர் டேங்க் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் அகலம் இருக்கும். அதில் ஒரு செ.மீ. இறங்கினால் ஒன்பது, பத்து லிட்டர் போயிருக்கிறது.

இறங்கவே இல்லை என்றால் தண்ணீர் வரும் லைன் சுத்தம். கழிவு பைப்பையும் டைல்ஸ் இடுக்கையும் பாருங்கள். இறங்கியிருந்தால் அடுத்த இரவு மாடி வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு அதே சோதனை. அப்போதும் இறங்கினால் டேங்கிலோ வால்வுக்கு முன்னாலோ கசிவு. அப்போது இறங்கவில்லை என்றால் கசிவு வீட்டுக்குள். இனி ஒவ்வோர் இரவும் ஒரு வால்வை மட்டும் திறந்துவைத்துப் பாருங்கள். கடைசியில் ‘பாத்ரூம் லைன், அதிலும் ஸ்டாப் காக்குக்குப் பிறகு’ என்று சொல்லும் அளவுக்குச் சுருக்கிவிடலாம். அந்த ஒரு வரியோடு பிளம்பரைக் கூப்பிட்டால் அவர் உடைப்பது ஒன்றிரண்டு டைல்ஸ். வெறும் ‘சுவர் ஈரமா இருக்கு’ என்று கூப்பிட்டால் எத்தனை என்று சொல்ல முடியாது.

கண்ணெதிரே பைப்பில் விரிசல்

வெளியே ஓடும் சிபிவிசி என்றால் நீங்களே மாற்றலாம். விரிசலுக்கு இருபுறமும் இரண்டு இன்ச் தள்ளி நேராக அறுங்கள், பிசிறைச் சுரண்டுங்கள், துடையுங்கள். ஈரத்தில் சால்வென்ட் பிடிக்காது; அதனால் கீழ்க் குழாயைத் திறந்து லைனை முழுக்க வடியவிட வேண்டும். புதுத் துண்டும் இரண்டு கப்ளிங்கும் (நேர் இணைப்பு) ஒட்டாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். இருபுறமும் அசையாத பைப்பாக இருந்தால் ஒரு பக்கம் யூனியன் (நட்டைத் திருகிக் கழற்றி மாட்டும் இணைப்பு) வேண்டும். பிறகு இரண்டு பரப்பிலும் சால்வென்ட் தடவி, செருகி, கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் கையை எடுக்காமல் பிடியுங்கள். உடனே எடுத்தால் பைப் தானே வெளியே நழுவும். காயும் நேரம் டின்னில் இருக்கும். முடிந்தால் ஓர் இரவு விடுங்கள். எம்-சீல் பசையைப் பிசைந்து உருட்டி ஒட்டுவது காலை கடை திறக்கும்வரை தாங்கினால் பெரிய விஷயம்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

சம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி நேரம் இதுதான். இருந்தால் மோட்டாரை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பம்பின் மேலே தண்ணீர் ஊற்றத் திருகியிருக்கும் மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருந்தால் சம்புக்குள் உறிஞ்சும் பைப்பின் அடி முனையில் இருக்கும் ஃபுட் வால்வு மூடவில்லை. நிறைந்து நின்றும் ஏறாவிட்டால் உறிஞ்சும் பைப்பில் எங்கோ காற்று நுழைகிறது. ‘உம்’ என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள். கப்பாசிட்டரோ அடைப்போ, எலக்ட்ரீஷியன் வேலை. போருக்குள் இருக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் பக்கமே போகாதீர்கள்.

அதேபோல் வாட்டர் ஹீட்டர். அது சூடாகும்போது சேஃப்டி வால்விலிருந்து சில சொட்டு விழுவது இயல்பு. ஒழுகுகிறதே என்று அதை அடைத்தால் உள்ளே ஏறும் அழுத்தத்துக்குப் போக வழி இருக்காது.

வேலை முடிந்து தண்ணீரைத் திறக்கும்போது

மாடி வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, கீழே ஒரு குழாயைத் திறந்து வையுங்கள். முதலில் காற்றும் பழுப்புத் தண்ணீரும் வரும். சல்லடைகளைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டால் அறுத்த துகளும் டேப் நூலும் வெளியே போய்விடும். பிறகு முழுக்கத் திறந்து, புது ஜாயின்ட் ஒவ்வொன்றையும் துடைத்து, காய்ந்த செய்தித்தாள் துண்டு ஒன்றை அதன் கீழே வைத்துவிட்டுப் போங்கள். கையால் தொட்டுத் தெரியாத கசிவைக் காகிதம் காட்டிக்கொடுக்கும். காலையில் அதில் ஈர வட்டம் இருந்தால், அந்த இடத்தை இன்னும் இறுக்காதீர்கள். வால்வை மூடிவிட்டு, கழற்றி, புது டேப் சுற்றி, முதலிலிருந்து.